களையெடுப்பு

“எட்டுச் செடிப் பையும் காலியா இருக்கேக்கா! இதுல இருந்ததெல்லாம் எங்க?”

மொட்டை மாடியில் கால் வைத்ததும் வைக்காததுமாகக் கிளாரா கேட்டாள். தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் நின்றிருந்த பானுமதி, கையிலிருந்த குவளையைக் கீழே வைத்தாள்.

“புல்லு மண்டிக் கெடந்துச்சு. நேத்து வெயிலுக்கு முன்னால வந்து பூராத்தையும் புடுங்கி குப்பை வண்டியில போட்டுட்டேன்.”

“ஐயோ, அது புல்லு இல்லக்கா. கந்தனா! ஜோயா ஊருக் கீரை.”

“கீரையா? பாத்தா கோரப்புல்லு மாதிரில்லா இருந்துச்சு.”

“புடுங்கும்போது பூண்டு வாசம் அடிச்சிருக்குமே?”

“கீழ தோல் பட்டறை நாறுத நாத்தத்துல பூண்டு வாசமா தெரியப்போவுது?”

கிளாரா ஒவ்வொரு பையாக எட்டிப் பார்த்தாள். தாராவி மாடிகளில் கீரை போட்டு விற்கும் டிரஸ்டுக்கு அவள்தான் சூப்பர்வைசர். விக்ரோலியிலிருந்து வாரம் இரண்டு நாள் வருவாள். மாடிக்கு இரண்டு பேர் என்பது டிரஸ்டின் ஏற்பாடு. ஒருவர் இந்த ஊர்க்காரர், ஒருவர் நாட்டை விட்டு ஓடிவந்தவர். வெயிலைத் தாங்கப் பச்சை வலை கட்டியிருந்தார்கள். போன மழையில் சந்துக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றபோதுகூட இந்த மாடியில் வெந்தயக்கீரை அறுத்து விற்றார்கள்.

பானுமதிக்கு வாய்த்த கூட்டாளி காபூலிலிருந்து வந்த ஜோயா. பானுமதியின் புருஷன் போய்ச் சேர்ந்து ஆறு வருடம் ஆகிறது. மகன் கோபர்கைரனேயில்தான் இருக்கிறான். பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரம், ஆனால் தீபாவளிக்கு வந்து தலைகாட்டினாலே பெரிய காரியம். ஜோயா வருவதற்கு முன்னால் ஒரு நாள் முழுக்கப் பானுமதி வாய் திறந்து பேசியது பால் கடையில் ‘அரை லிட்டர்’ என்று கேட்டது மட்டும்தான். இப்போது தினமும் பத்து மணிக்கு வலை நிழலில் உட்கார்ந்து, ஜோயா கொண்டுவரும் ரொட்டியை இவளுடைய புளிக்குழம்பில் தொட்டு இருவரும் சாப்பிடுகிறார்கள். பேச்செல்லாம் தாராவி இந்தியில்தான். பாதி புரியும், பாதி புரியாது. அந்த ஒரு மணி நேரத்தை நம்பித்தான் மீதி இருபத்து மூன்று மணி நேரத்தையும் அவள் ஓட்டிக்கொண்டிருந்தாள்.

“அவகிட்ட நான் என்னத்தச் சொல்ல?” கிளாரா நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். “நாளைக்குச் செம்பூர் ஹோட்டல்காரரு பாக்க வாராரு. காபூல் சாப்பாடு போடுத ஹோட்டல். அவருக்குப் புடிச்சிருந்தா தெனமும் பத்துக் கிலோ எடுப்பாரு. அந்த ஆர்டரை வச்சுத்தான் டிரஸ்டுல அங்க ஒரு பெரிய மாடி குடுக்கதா இருந்துச்சு.”

“அப்போ ஜோயா செம்பூருக்குப் போயிருவாளா?”

“இனிமே எங்க போவ? டெல்லியிலருந்து வெதை வரவழைச்சு மூணு மாசம் வளத்தா. இன்னொரு மூணு மாசம் அந்தாளு காத்துட்டா இருப்பாரு? ஒம்பது பேரு படுக்க ரூம்ல மூலையில கெடக்கா, பாவம். அவளுக்கு ஒரு வழி பொறக்கும்னு நெனச்சேன்.”

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. துணியில் சுற்றிய ரொட்டியோடு ஜோயா வந்தாள். பைகளைப் பார்த்தாள். குனிந்து முதல் பையின் மண்ணில் விரலை விட்டுத் துழாவினாள். அப்புறம் இரண்டாவது பை. இப்படியே எட்டுப் பையிலும் துழாவிவிட்டு நிமிர்ந்தாள். ஒரு வேர்கூட மிச்சமில்லை.

நாலு வார்த்தை திட்டித் தொலைத்தால் தேவலை என்றிருந்தது பானுமதிக்கு. “நான்தான் பிடுங்கினேன். புல்லுன்னு நெனச்சுட்டேன்” என்று இந்தியில் சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

ஜோயா அவளையே பார்த்தாள். பிறகு பக்கத்தில் வந்து தன் துப்பட்டா நுனியால் அவள் முகத்தைத் துடைத்தாள்.

“அழாத, பானு ஜான். தப்பு என்னோடது. அது என்ன செடின்னு உன்கிட்ட சொல்லாம மறைச்சு வச்சது நான்தானே?”

“எதுக்கு மறைச்ச?”

ஜோயா கிளாராவைப் பார்த்தாள். கிளாரா தன் தோள்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். பானுமதிக்குப் படிக்க வராது என்பது நினைவுக்கு வந்து, தானே படித்துக் காட்டினாள்.

“செம்பூர் மாடிக்கு மனு. பேரு ரெண்டு போட்டிருக்கு: ஜோயா, பானுமதி. மாடியிலயே ஒரு ரூம், நீங்க ரெண்டு பேரும் தங்கதுக்கு. பானு வந்தாத்தான் நானும் போவேன்னு மொத நாளே சொல்லிட்டாக்கா. நாளைக்கு ஆர்டர் கெடச்சதும் உங்ககிட்ட காட்டணும்னு ஆசையா வச்சிருந்தா.”

ஜோயா துணியைப் பிரித்து ரொட்டியை இரண்டாகக் கிழித்தாள். பெரிய துண்டை பானுமதியின் கையில் வைத்தாள்.

“விடு. இங்கேயே இருப்போம். நீ இருக்க, நான் இருக்கேன். போதும்.”

பானுமதி அதில் பாதியைப் பிய்த்து ஜோயாவின் கையில் திருப்பி வைத்தாள். முந்தாநாள் படிக்கட்டில் நின்று கிளாரா யாரிடமோ போனில் பேசியது அவள் காதில் விழுந்திருந்தது: “அந்த எட்டுப் பை கந்தனா போதும், ஜோயா செம்பூருக்குப் போயிருவா.” மீதியைக் கேட்கத் தெம்பில்லாமல் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டவள்தான், மறுநாள் விடிந்ததும் மாடியேறி வந்து, அத்தனையையும் ஒன்றுவிடாமல் வேரோடு பிடுங்கினாள்.