அடிபட்ட விடை

கணிதத் துறை மேஜையில் ஒரு விடைத்தாள் விரிந்து கிடந்தது. அதில் ஒரு இன்டெக்ரேஷன் கணக்கை நிலோஃபர் என்ற மாணவி இரண்டு முறை போட்டிருந்தாள். முதலில் விடை பூஜ்யம் என்று வந்தது. இவ்வளவு நீளக் கணக்குக்கு வெறும் பூஜ்யமா என்று பயந்து, அதைக் குறுக்கே அடித்துவிட்டுக் கீழே வேறொன்றை எழுதியிருந்தாள்.

பேராசிரியரின் சிவப்புப் பேனா அந்தப் பக்கத்துக்கு வந்ததும் அடிபட்ட விடை கூப்பிட்டது. "அண்ணே, என்னை ஒரு தடவை படிச்சுப் பாருங்களேன்."

"அடிச்சதைத் திருத்தக் கூடாதுப்பா. கேள்வித்தாள்லயே போட்டிருக்கு," என்றது பேனா. கீழே இருந்த விடை தப்பு. அதற்கு முட்டை விழுந்தது.

"மார்க் வேண்டாம்ண்ணே. படிச்சா போதும்."

பேராசிரியர் டீ குடிக்கப் போனார். பேனா வரி வரியாகப் படித்தது. "அடடா, நீதான்யா சரி!"

"அதை அவகிட்ட சொல்லுங்கண்ணே."

"மார்க் போடாம எனக்குப் பேசத் தெரியாதேப்பா." கொஞ்சம் யோசித்த பேனா, கடைசி வரியின் ஓரத்தில் மூக்கை மெல்ல வைத்து எடுத்தது. ஒரு சிவப்புப் புள்ளி விழுந்தது.

மறுவாரம் விடைத்தாளைப் பார்க்க மாணவர்களை விட்டார்கள். நிலோஃபர் முட்டையைப் பார்த்தாள். பிறகு அவள் கண் மேலே ஏறி அந்தப் புள்ளியில் நின்றது. அடிபட்ட விடை மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது.

"சார் பேனா லீக் ஆகுது போலடி," என்று தோழியிடம் சொல்லிவிட்டு, அவள் அடுத்த பக்கத்தைப் புரட்டினாள்.