தவக்காலத்துக்கு விட்டது

ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலத்தில் மனதுக்கு மிகவும் பிடித்த ஒன்றை ஆண்டவருக்காக விட்டுவிட வேண்டும். அமலோற்பவத்துக்கு மீன் பெரிதில்லை, காப்பியும் பெரிதில்லை. காலையில் கண் விழித்ததும் எதை நினைத்து மனம் குளிர்கிறது என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். கன்னியர் இல்லத்தின் பராமரிப்பில், கை கால் விழுந்து படுத்திருக்கும் செலினின் தலைமுடிதான் நினைவுக்கு வந்தது. சாயங்காலம்தோறும் போய் எண்ணெய் வைத்து, சிக்கெடுத்து, பின்னிவிட்டு வருவாள். புண்ணியம் என்று ஊரே சொல்கிறது. ஆனால் சந்தோஷம் முழுவதும் தனக்கே என்றால் அதில் ஆண்டவருக்கு என்ன மிச்சம்? வெட்கமாக இருந்தது. தவக்காலம் தொடங்கிய சாம்பல் புதனன்று கோயிலிலிருந்து வந்த கையோடு, சீப்பைப் பக்கத்து வீட்டு ரெஜினாவிடம் கொடுத்துவிட்டாள்.

அதன்பிறகு சாயங்காலமானால் விரல்கள் சும்மா இருக்கவில்லை. சேலைக் குஞ்சத்தை மூன்றாகப் பிரித்துப் பின்னின. அவிழ்த்து மறுபடி பின்னின.

ஒருநாள் ரெஜினா சீப்பைத் திருப்பிக் கொண்டுவந்தாள். அதில் ஒரு முடிகூட இல்லை.

“இத்தன நாளும் தொடவே விடலக்கா. தலையெல்லாம் சடை புடிச்சிக் கெடக்கு. நீங்க ஏன் வரலன்னு இன்னைக்குத்தான் கேட்டா. தவக்காலத்துக்கு விட்டுட்டீங்கன்னு சொன்னேன்.”

“அதுக்கு என்ன சொன்னா?”

“சிரிச்சா. ‘எனக்கும் அதான் ரொம்பப் புடிக்கும், நானும் அதையே விட்டுட்டேன்னு அக்காகிட்ட சொல்லு’ன்னா. சொல்லிட்டுச் சுவத்துப் பக்கம் மூஞ்சியத் திருப்பிக்கிட்டா.”

ஈஸ்டருக்கு இன்னும் எவ்வளவோ நாள் இருந்தது. அமலோற்பவம் சீப்பை உள்ளங்கையில் வைத்து இறுக்கினாள். பற்கள் பதிந்தன. மற்றொரு கை, அவளைக் கேட்காமலே, எண்ணெய்க் குப்பியை எடுத்தது.