முதுகில் ஒரு பெயர்

தாமுவே பேட்டை டீக்கடைக்குள் ரோஸ்லின் நுழைந்ததும் எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். எங்கள் கல்லூரிக் கால்பந்து அணிக்குக் கோல் அடித்துக் கொடுத்தவள், எதிரியான அலோன் கல்லூரிக்கு மாறுவதாகக் காலையில்தான் அறிவித்தாள். அவள் பெயர் போட்ட ஜெர்சிகளைக் கழற்றி எறிந்துவிட்டு, மற்ற ரசிகர்கள் எல்லோரும் பனியனோடு உட்கார்ந்திருக்கிறார்கள். "எந்த முகத்தோட வந்தே?" என்கிறார் நாங்கள் 'கோ', அதாவது அண்ணன், என்றழைக்கும் சவரிமுத்து. அவள் குட்டை ஸ்டூலை எங்கள் நடுவிலேயே இழுத்துப் போடுகிறாள். "போறேன்தான். மன்னிப்புக் கேக்க வரலண்ணே, டீ குடிக்க வந்தேன்." எல்லோருக்கும் இலவசமாக மேசையில் இருக்கும் பச்சைத் தேநீர்க் குடுவையை யாரோ எட்டத் தள்ளி வைக்கிறார்கள். சவரிமுத்து என்மேல் பாய்கிறார். "நீ மட்டும் ஏன்யா இன்னும் போட்டிருக்கே? கழட்டு!" "இந்தத் தொப்பையில இதை ஏத்தவே வீட்ல ரெண்டு பேர் இழுத்தாங்க. கழட்ட இங்க ஆளில்ல," என்கிறேன். குடுவையை எட்டி எடுத்து அவள் கோப்பையை நிரப்புகிறேன். குனிந்த என் முதுகில், தையல் விம்ம, அவள் பெயர் எல்லோரையும் முறைக்கிறது.