ஊதி ஊட்டிய கஞ்சி

குழந்தை அமுதினியின் காசநோய்க் கிருமியும் பக்கத்து வீட்டுச் சந்தனமாரியின் சளியில் இருந்த கிருமியும் ஒன்றேதான் என்று மரபணுச் சோதனையில் தெரிந்துவிட்டது. சுகாதார ஊழியர் ஜெயசீலன் வாசலில் நின்று அதைத் தணிந்த குரலில்தான் சொன்னார். "பெரியவங்க மூச்சுல இருந்துதான் பிள்ளைக்குப் போயிருக்கும். குத்தம் சொல்லலைம்மா. மாத்திரை சாப்பிட்டா ரெண்டு பேருக்கும் குணமாயிரும்." சந்தனமாரி அப்படியே சுவரோடு சாய்ந்தாள். அமுதினியின் தாய் பூங்கொடி மில்லுக்குப் போகிற நாளெல்லாம் அவள் பிள்ளை இவள் மடியில்தான் வளர்ந்தது. பிஞ்சு நாக்கைச் சூடு சுட்டுவிடக் கூடாதென்று ஒவ்வொரு வாய்க் கஞ்சியையும் ஊதியல்லவா ஊட்டியிருக்கிறாள். "ஊதித்தான் சார் குடுத்தேன்" என்றவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சோற்றையும் தொடவில்லை, மாத்திரையையும் தொடவில்லை.

மறுநாள் காலையில் பூங்கொடி முகக்கவசம் போட்டுக்கொண்டு, பிள்ளையை இடுப்பில் வைத்தபடி, சன்னலுக்கு வெளியே வந்து நின்றாள். சன்னல் திண்டில் கஞ்சிக் கிண்ணத்தை வைத்தாள்.

"அக்கா, இதைக் குடிச்சுட்டு மாத்திரையைப் போடு."

"எனக்கு எதுக்குடி மருந்து? உன் பிள்ளையைத் தூக்கிட்டுத் தள்ளிப் போ."

"நீ எந்திரிக்காம யாரு இவளுக்கு ஊட்டுறது? எங்கிட்ட ஒரு வாய் வாங்க மாட்டேங்குறா."

சந்தனமாரி முந்தானையால் வாயை இறுகப் பொத்திக்கொண்டு சன்னலருகே வந்தாள். கிண்ணத்தில் ஆவி பறந்தது. அதைப் பார்த்ததும் அமுதினி தாயின் இடுப்பிலிருந்து குனிந்து, உதட்டைக் குவித்து, பெரியம்மாவுக்காகக் கஞ்சியை ஊதத் தொடங்கினாள். இரண்டு பெண்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.