முதல் வரிசையில் ஒரு நாற்காலி

'முதல் வரிசையில் உட்கார அரக்குச் சேலைதான் எடுப்பாக இருக்கும்' என்று தனபாக்கியம் நினைத்துக்கொண்டாள். சுண்டல் வெந்துகொண்டிருந்தது. அன்று மாலை விழுப்புரத்தில் அவள் கணவர் கவிஞர் சபாபதியின் முதல் நூலுக்கு வெளியீட்டு விழா.

சபாபதி அடுப்படியில் வந்து நின்றார். "சுண்டலைக் குடுத்தனுப்பு. நீ வராதே."

"ஏங்க, நான் வந்தா உங்க மரியாதை கொறஞ்சிடுமா?"

"பேஜாரு பண்ணாதே. இங்க திண்டிவனத்துலதான் உன்னைத் தெரியும், விழுப்புரத்துல யாருக்கும் தெரியாது. வந்தே ஆவணும்னா, என் தங்கச்சின்னு சொல்லிக்கினு கடைசியில குந்திக்கோ."

"தாலி கட்டினவ தங்கச்சியா?"

சபாபதி அச்சகத்திலிருந்து வந்த கட்டைப் பிரித்து ஒரு நூலை நீட்டினார். அட்டையில் கல்யாணத்தன்று எடுத்த அவள் படம். அதன் கீழே, 'மறைந்த என் மனைவிக்கு நூறு வெண்பா'.

"உயிரோட இருக்கறவளைப் பாடினா யாரு அழுவாங்க? விழாத் தலைவர் படிச்சிட்டுத் தேம்பிட்டாராம். மேடையில உன் படத்துக்குப் போட ரோஜா மாலை வாங்கிக்கினு வர்றாரு."

தனபாக்கியம் தன் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பெட்டியைத் திறந்து அரக்குச் சேலையை எடுத்து உதறினாள்.

"நான் முன்னாலதான் குந்துவேன். மாலையை என் கையிலயே குடுத்துடச் சொல்லுங்க" என்றாள் மெதுவாக.