முழுக்கைச் சட்டை

பந்தை ஒருமுறையேனும் வீசியறியாத நான் இதை எழுதத் துணிந்தமைக்கு, ஆட்டத்தை அறிந்தவர்கள் பொறுத்தருள வேண்டும். பிழை இருப்பின் அது என்னுடையது. அவனுடையது அன்று.

பந்து வீச ஓடி வந்துகொண்டிருந்தவன் பாதி ஓட்டத்தில் நின்றுவிட்டான்.

ஒரு சொல் கேட்டிருந்தது.

"மாங்கா."

பந்தை வீசாமல், கையை மடக்கிச் சுண்டி எறிபவனுக்கு மைதானங்களில் வழங்கும் பெயர் அது. மரத்தில் கல்லெறிபவனை நினைத்து எவரோ வைத்திருக்க வேண்டும்.

அவன் இடக்கை தானாகச் சென்று வலது முழங்கையைப் பற்றியது. கண்கள் பக்கவாட்டில் நின்ற நடுவரிடம் போயின.

சித்திரை வெயில். மற்ற எல்லாரும் அரைக்கைச் சட்டையில் இருந்தார்கள். அவன் மட்டும் முழுக்கை. மணிக்கட்டுவரை இழுத்துப் பொத்தான் போட்டிருந்தான்.

கடந்த மழைக்காலத்தில் தொடங்கிய வலி. கையை நேராக வைத்து வீசினால் உயிர் போயிற்று. சற்றே மடக்கி, விடும் கணத்தில் நிமிர்த்தினால் வலிக்கவில்லை. வேகமும் கூடுதலாக வந்தது.

அவன் எவரிடமும் சொல்லவில்லை.

'நோ பால்' என்று நடுவர் ஒருமுறை கையை நீட்டினால் போதும். புகார் கிரிக்கெட் சங்கத்துக்குப் போகும். பிறகு எந்த அணியும் அழைக்காது.

இன்று அது நடக்கக் கூடாது. இன்று மட்டுமாவது.

தூங்குமூஞ்சி மரத்தடியில் ஒரு கம்பெனி அதிகாரி அமர்ந்திருந்தார். அவர்கள் அணிக்கு வேகப்பந்து வீச ஆள் வேண்டும். அணியில் இடம் என்றால் கூடவே வேலையும் உண்டு. பள்ளி முடித்த ஆண்டிலிருந்து அவன் மூன்றாம் பிரிவு லீகில் ஆடுகிறான். முப்பது நெருங்கிவிட்டது. அவனைப் பார்ப்பதற்கென்று ஒருவர் வந்தது இதுவே முதல் முறை.

கடைசி ஓவர். எதிரணிக்கு இன்னும் ஆறு ரன். இதற்கு முந்தைய பந்தை மட்டையாளரால் தொடவே முடியவில்லை. அதிகாரி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டதை அவன் கண்டிருந்தான்.

"மாங்கா, மாங்கா. உப்புக் காரம் போட்ட மாங்கா."

கம்பி வேலிக்கு வெளியே ஒரு தள்ளுவண்டி. மாங்காய்ப் பத்தைகளின் மேல் மிளகாய்த்தூளைத் தூவியபடி ஒரு பெண்மணி கூவிக்கொண்டிருந்தார்.

விக்கெட் கீப்பர் செல்வின் கையுறையைத் தட்டினான்.

"இன்னா மச்சி, பசிக்குதா?"

எல்லாரும் சிரித்தார்கள். மட்டையாளர்கூடச் சிரித்தார்.

நடுவர் சிரிக்கவில்லை.

அதுவரை கிரீஸ் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். இப்போது வண்டியைப் பார்த்தார். அவன் பற்றியிருந்த முழங்கையைப் பார்த்தார்.

மெல்ல நடந்து அருகில் வந்தார்.

"வெயில் கொளுத்துதே தம்பி. சட்டைக் கையை மடிச்சு விட்டுக்கப்பா."

குரலில் பரிவைத் தவிர வேறொன்றும் இல்லை. அதனால்தான் அவனுக்கு முதுகு சில்லிட்டது.

முதலில் இடக்கையை மடித்தான்.

நடுவர் காத்திருந்தார்.

வலக்கைப் பொத்தான் கழல மறுத்தது. இழுத்தான். பொத்தான் தெறித்துப் புல்லில் விழுந்தது.

வெயிலே படாத முழங்கை, வேறொருவருடையது போல் வெளுத்திருந்தது.

நடுவர் தம் இடத்துக்குத் திரும்பினார். தொப்பியைச் சற்று உயர்த்திக்கொண்டார். கோட்டை அவர் பார்க்கவில்லை.

அவன் ஓடினான்.

மரம். வேலி. நடுவர். மடக்கினால் எல்லாம் போகும். நிமிர்த்தினால் வேகம் போகும். வேகத்தைப் பார்க்கத்தான் அவர் வந்திருக்கிறார்.

கை நேராக எழுந்தது.

நேராகவே இறங்கியது.

வலியில் அவனுக்குப் பந்து தெரியவில்லை. அது குழந்தைக்கு உருட்டிவிட்டது போல் போனது. மட்டையாளர் நம்பாமல் ஒரு கணம் காத்திருந்தார். பிறகு அடித்தார்.

பந்து வேலியைத் தாண்டித் தள்ளுவண்டிக்கும் அப்பால் விழுந்தது.

அவன் அதைப் பார்க்கவில்லை. பக்கவாட்டு நடுவரைப் பார்த்தான். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

நீட்டவில்லை.

மரத்தடியில் நாற்காலி மட்டும் இருந்தது.

கைகுலுக்கல்கள் முடிந்தன. ஸ்டம்புகளைப் பிடுங்கினார்கள். வண்டிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. அவன் புல்லில் மண்டியிட்டுத் தேடிக்கொண்டிருந்தான்.

செல்வின் வந்து அருகில் குந்தினான். என்ன தேடுகிறாய் என்று கேட்கவில்லை. சிறிது நேரம் புல்லைத் தடவினான். பொத்தானை எடுத்து, ஊதி, அவன் உள்ளங்கையில் வைத்தான்.

"வுடு மச்சி. வர்ற ஞாயித்துக்கெழம வேற அம்பயர்."

அவன் நிமிர்ந்து பார்த்தான். மழைக்காலத்திலிருந்து ஒவ்வொரு பந்துக்கும் எதிரே நின்ற கண்கள்.

இழந்தவை: ஓர் ஆட்டம். ஒரு வேலை. ஒருவருக்கும் தெரியாது என்ற நினைப்பு.

பொத்தான் கிடைத்துவிட்டது.