அத்தை தரும் மாத்திரை

சிங்கப்பூரின் பொங்கோலில் உள்ள அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒரு சட்டம் உண்டு: நாகம்மா அன்போடு நீட்டும் எதையும் எவரும் வேண்டாம் என்று சொல்லக்கூடாது. காலைப் பசியாறலின்போது ஒவ்வொருவர் தட்டிலும் அவர் வைக்கும் வைட்டமின் மாத்திரைக்கும் அதே சட்டம்தான்.

அவர் கணவர் அண்ணாதுரைக்குக் கால்கள் தளர்ந்து, மின்தூக்கிவரை நடப்பதே பெரும்பாடானபோது, மருமகள் யாமினி இருவரையும் மருத்துவரிடம் அழைத்துச் சென்றாள்.

“ரத்தத்துல வைட்டமின் டி எக்கச்சக்கம். இந்த பலவீனம் அதனாலதான்,” என்றார் மருத்துவர்.

“தினம் ஒண்ணுதானே குடுத்தேன் டாக்டர்!” நாகம்மாவின் குரல் உடைந்தது.

“ஒண்ணுல இவ்வளவு ஏறாதும்மா.”

அண்ணாதுரை தலைகுனிந்தார். “பிள்ளைங்க தட்டோரத்துல ஒளிச்சு வச்சிட்டுப் போறதையும், தட்டு கழுவுறப்ப நான்தான் முழுங்கிடுவேன். குப்பையில பார்த்தா நீ வருத்தப்படுவியே, நாகு.”

யாமினியின் முகம் வெளிறியது. ஒளித்தது அவளும் அவள் கணவனும்தான்.

நாகம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு கைப்பையிலிருந்து ஒரு புதுப் புட்டியை எடுத்தார். “சரி, அதை விடுங்க. இது சத்து டானிக், தெம்பு வரும். யாமினி, உனக்கும்தான்.”

அண்ணாதுரை வழக்கம்போல் கையை நீட்டினார். யாமினி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“வேண்டாம் அத்தை. மாமாவுக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம் லா!”